தண்ணீர்த் துவக்குக்குள் அமுக்கத்தைச் சேமித்தல்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் கைநெம்புகோலை அடித்து அடித்து மருந்து தெளித்தவர்களின் முதுகில் இன்று பற்றரித் தெளிகருவி ஏறிவிட்டது. அதற்குள் இருக்கும் சின்ன 12 வோல்ற்றுப் பம்ப் தனியாகவும் விற்பனைக்குக் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் தண்ணீர்த் துவக்கு செய்ய நினைக்கும் பிள்ளை, அதை நேரே குழல் முனையில் பூட்டிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணும். அது வீண். பம்ப் பீச்சக் கூடாது, அமுக்கத்தைச் சேமித்துத் தர வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 3 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 3 லீற்றர் தரும் பம்பின் பயன்வலு 15 வாற்றுத்தான். 3 மில்லிமீற்றர்த் துளையில் அதே 3 பாரைத் தாங்கிப் பிடிக்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லீற்றர் வேண்டும். பம்பால் அது முடியாது. நீர் செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் சோர்ந்து வெளியேறும். இனி, ஒருவழி வால்வு பூட்டிய 2 லீற்றர் சோடாப் போத்தலுக்குள் அதே பம்பால் ஒன்றரை லீற்றர் நீரை ஏற்றுங்கள். உள்ளே அடைபட்ட காற்று கால்பங்காகச் சுருங்கி, வெளியமுக்கத்துக்கு மேலே 3 பார் தரும். ஏற்ற அரை நிமிடம் போதும். திறந்த கணத்தில் வேகம் செக்கனுக்கு 24 மீற்றரை எட்டும். காற்று விரிய விரிய அது குறைவது உண்மைதான், ஆனால் விளையாட்டுக்கு வேண்டியது அந்த முதற்பாய்ச்சல். அமெரிக்கப் பொறியியலாளர் லொனி ஜோன்சன் 1982இல் எண்ணிய துவக்கு, 1990இல் கடைக்கு வந்தபோதும் கையால் அமுக்கிய காற்றைத்தான் நம்பியது. பற்றரி அந்தக் கையின் வேலையை ஏற்கிறது, அவ்வளவே.

போத்தல் வெடிக்காதா என்பது நியாயமான கேள்வி. வாயு கலந்த பானத்தின் போத்தல் வெயிலில் இதைவிடக் கூடிய அமுக்கத்தைத் தாங்கும். சாதாரணத் தண்ணீர்ப் போத்தல் தாங்காது. கீறல் விழுந்ததையும் வெயிலில் காய்ந்ததையும் எறிந்துவிட வேண்டும். ஒன்றரை லீற்றர் ஏறியதும் ஆளியை அணைப்பது பெரியவர் பொறுப்பு. பம்பின் தானியங்கி நிறுத்தியை நம்ப வேண்டாம், அது இதைவிட உயர்ந்த அமுக்கத்துக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். வீட்டுக் குழாய்க்குப் போடும் பிவிசியே போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் அமுங்குவது அரிது, ஆகவே அதில் தேங்கும் சக்தியும் அற்பம். சுருங்கிய காற்றோ குழாய் உடைந்தால் துண்டுகளை வீசியெறியும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பழைய தெளிகருவியைக் கழுவி எடுத்தால் செலவு மிச்சம் என்ற யோசனையையும் ஏற்க முடியாது. பூச்சிமருந்து குழாய்க்குள்ளும் வால்வுக்குள்ளும் ஊறியிருக்கும், துவக்கின் இலக்கோ இன்னொரு பிள்ளையின் முகம். புதுப் பம்பே வேண்டும். வாவியின் உவர்நீர் அதன் உலோகப் பகுதிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வயல் வாய்க்கால் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், அது கண் வழியாகவும் உடலுக்குள் நுழையும். வாவியின் கிழக்கே எழுவான்கரை மணலில் தோண்டிய வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வடித்து ஊற்றினால் போதும்.