சென்னை வெயிலில் உருகும் உலோகம்

சித்திரை வெயிலில் கேலியம் என்ற உலோகத்தின் சிறு துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வந்தால், அது உருகிவிடும். 29.8 டிகிரி செல்சியஸ் போதும் அதற்கு. இண்டியம் கலந்தால் சுமார் 15 டிகிரியிலேயே திரவம். மார்கழியிலும் பெரும்பாலும் உறையாது. ஓடுகிற உலோகம் என்பதால்தான் மென் இயக்கி செய்பவர்கள் இதை நாடுகிறார்கள்.

மென் இயக்கி என்பது மோட்டாரும் பல்சக்கரமும் இல்லாமல், தசைபோலத் தானே அசையும் ரப்பர் உறுப்பு. மெல்லிய ரப்பர் சவ்வின் இருபுறமும் மின்முனை பூசிச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும். இடையில் அகப்பட்ட சவ்வு நசுங்கிப் பக்கவாட்டில் விரியும். மின்னூட்டத்தால் ரப்பர் பட்டை நீளுவதை 1880-லேயே இயற்பியலாளர் ரான்ட்ஜன் கண்டிருந்தார். 2000-இல் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவன ஆய்வாளர்கள் இத்தகைய சவ்வை 100 சதவீதத்துக்கும் மேல் விரியவைத்தனர்.

சவ்வு விரிந்தால் மின்முனையும் கூடவே விரிய வேண்டும். செம்புப் படலம் விரிசல் விட்டுவிடும். கார்பன் கிரீஸ் விரிந்து கொடுக்கும், ஆனால் கைபட்டாலே அழியும்.

2018-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கேலியக் கலவையை நுண்துளிகளாக ரப்பருக்குள் சிதறவிட்டது. துளிகளுக்கு இடையே ரப்பர் இருப்பதால் அந்தப் பொருள் முதலில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு கோட்டில் அழுத்தினால் அங்குள்ள துளிகள் உடைந்து கலந்து, அதுவே கம்பியாகிவிடும். அந்தக் கம்பியை வெட்டினாலோ, வெட்டும் விசையே பக்கத்துத் துளிகளை உடைத்துக் காயத்தைச் சுற்றி மாற்றுப்பாதை போட்டுவிடுகிறது. சூடேற்ற வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்: பழுதாக்கும் செயலே பழுதையும் பார்க்கிறது.

கேலியம் நமக்கு அந்நியமில்லை. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள் அது. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையில் ஒருகாலத்தில் பிரித்தெடுத்தார்கள். மென் இயக்கிகளுக்கான தேவையும் இங்கேயே இருக்கிறது. உட்கார்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியைச் சென்னை ஐஐடி 2019-இல் வெளியிட்டது. அத்தகைய கருவிகளில் உடம்பை ஒட்டியிருக்கும் பாகங்கள் மென்மையானால் நோயாளிக்கு எவ்வளவோ ஆறுதல்.

ஆனால் கார்னகி மெலன் குழுவின் பொருளில் ஆறுவது மின்பாதை மட்டுமே. வெட்டுண்ட ரப்பர் பிளந்தபடியே இருக்கும். சில ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் சவ்வில் ஓட்டை விழுந்தால், எதிரெதிர் மின்முனைகள் அதன் வழியே தொட்டுக்கொண்டு இயக்கி நின்றுபோகலாம். அதனால் மின்முனையோடு சவ்வும் சேர்ந்து ஆற வேண்டும். அறை வெப்பத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும் பாலிமர்கள் ஏற்கெனவே உண்டு. அவை அத்தனை வோல்ட்டையும் தாங்கி, ஆயிரக்கணக்கான தடவை விரிந்து சுருங்க வேண்டும்.