ரியூனியனும் பிரான்ஸ்தான், ஆனால் விசா வேறு

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த பின்னர், நம் பகுதியைச் சேர்ந்த ஒரு உம்மா பாரீஸுக்குப் போனார். மகன் பாரீஸ் பக்கத்தில் வேலை செய்கிறார். மகள் ரியூனியன் தீவில், சேன் தெனி நகரில், கணவரோடு இருக்கிறார். மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு, பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மகனோடு ரியூனியன் போய்விடலாம் என்பது குடும்பத்தின் திட்டம். பாரீஸ் விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி விசா ஸ்டிக்கரைப் பார்த்தார், மகனுக்கு மட்டும் போர்டிங் கார்டைக் கொடுத்தார். உம்மாவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். "ரியூனியனும் பிரான்ஸ்தானே, பிரான்ஸ் விசா இருக்கிறதே" என்று மகன் எவ்வளவோ வாதாடியும் நடக்கவில்லை. டிக்கெட் பணம் போயிற்று. அதைவிட, மகள் பிரசவ அறைக்குப் போனபோது உம்மா பக்கத்தில் இல்லை.

கவுண்டரில் இருந்தவர் செய்தது சரிதான். தவறு நம்முடையது. அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது நம் டிரஸ்ட் அலுவலகம். செல்லும் இடம் என்ற கேள்விக்கு 'பிரான்ஸ்' என்று மட்டும் தேர்வு செய்துவிட்டோம். ரியூனியனைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அன்று நமக்குத் தெரியாது. அதன் பிறகு இந்த விஷயத்தை விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம், நாகூர் பக்கங்களில் பிரான்ஸ் தொடர்பு இல்லாத தெரு குறைவு என்பதால் இதை இங்கே எழுதுகிறோம்.

அந்தத் தொடர்பு எப்படி வந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் காரைக்காலும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் நேஷனாலிட்டி எடுத்து சொல்தாவாகப் போய் பென்ஷன் வாங்க, தம்பி இந்தியராகவே கடை வைத்து உட்கார்ந்த கதைகள் நம்மிடம் ஏராளம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒருவர் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், இன்னொருவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட். யார் எந்தப் பாஸ்போர்ட்டில் போகிறார் என்பதைப் பொறுத்தே கீழே சொல்லும் விதிகள் மாறும்.

ரியூனியனுக்கும் நமக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறிய தமிழர்கள் பலர். அவர்களை அங்கே 'மலபார்' என்பார்கள். குஜராத்திலிருந்து வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள் 'ஸராப்' எனப்படுகிறார்கள். அவர்கள் சேன் தெனியில் கட்டிய நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் 1905இல் திறக்கப்பட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரான்ஸ் என்பது ஐரோப்பாவில் இருக்கும் நிலம் மட்டுமல்ல. இந்தியப் பெருங்கடலில் ரியூனியன், மயோத்; கரீபியன் பக்கம் குவாதலூப், மார்த்தினிக்; தென் அமெரிக்காவில் கயானா. இந்த ஐந்தும் பிரான்ஸின் மாவட்டங்கள். அங்கே பிரெஞ்சுச் சட்டம் நடக்கிறது, யூரோ நாணயம் புழங்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் அவை சேர்ந்தவை. ஆனால் ஷெங்கன் என்பது வேறு கணக்கு. 29 ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கி ஒரே விசாவுக்கு ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அதில் பிரான்ஸின் ஐரோப்பிய நிலம் மட்டுமே சேர்ந்திருக்கிறது. கடல் கடந்த பகுதி எதுவும் சேரவில்லை. ஆகவே பாரீஸிலிருந்து ரியூனியனுக்கு விமானம் ஏறுவது உள்நாட்டுப் பயணம்போலத் தோன்றினாலும், இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அது ஷெங்கன் எல்லையைத் தாண்டி வெளியே போவதுதான். சுமார் 11 மணி நேரப் பயணம்; இரண்டு முனையிலும் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள்.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, வழக்கமான ஷெங்கன் விசிட் விசா ஸ்டிக்கரை மட்டும் நம்பி ரியூனியன் போக முடியாது. ஸ்டிக்கரின் மேல் வரியில் 'செல்லுபடியாகும் இடம்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அங்கே ஷெங்கன் நாடுகள் என்று மட்டும் இருந்தால் அது ஐரோப்பாவுக்கு. ரியூனியன் விசா என்றால் ரியூனியன் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும். அப்படிப் பெயர் எழுதிய விசா அந்த இடத்துக்கு மட்டுமே. ரியூனியன் விசாவை வைத்துக்கொண்டு மயோத்துக்கும் போக முடியாது, பாரீஸுக்கும் போக முடியாது.

இரண்டாவது விளைவைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவில் பாரீஸ் போய், அங்கிருந்து ரியூனியன் போய்விட்டு, மறுபடி பாரீஸ் வழியாகத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. விசாவில் நுழைவு எண்ணிக்கை ஒன்று என்று இருந்தால் ரியூனியனிலிருந்து பாரீஸுக்குத் திரும்ப வழி இல்லை. அந்த உம்மாவின் விசாவும் ஒற்றை நுழைவுதான். ஒருவேளை கவுண்டரில் கவனிக்காமல் விட்டிருந்தாலும், போன இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். பல நுழைவு என்றால் அந்த இடத்தில் 'முல்ட்' என்ற எழுத்துகள் இருக்கும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஷெங்கனில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி. ரியூனியனில் தங்கும் நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அங்கே கணக்கு தனி. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் படமும் எடுத்து, வந்த நாள், போன நாளைக் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. முன்பு போல பாஸ்போர்ட் முத்திரையை விரல்விட்டு எண்ணிச் சமாளிக்கும் வேலை இனி நடக்காது. ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுக்கும், அடுத்த விசாவில் அது வந்து நிற்கும்.

யாருக்கு விசா வேண்டாம்? பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பாரீஸ் பக்கம் வசிப்பதற்கான குடியிருப்பு அட்டை வாங்கியவர்கள் அந்த அட்டையோடும் பாஸ்போர்ட்டோடும் ரியூனியன் போய் வரலாம். அந்த மகனுக்கு போர்டிங் கார்டு கிடைத்தது இதனால்தான். அட்டை கைக்கு வராமல் விண்ணப்ப ரசீதை மட்டும் வைத்திருப்பவர்கள், தங்கள் ஊர் பிரெபெக்தூரில் கேட்டு உறுதி செய்யாமல் டிக்கெட் போட வேண்டாம். மயோத்தில் வாங்கிய அட்டைக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு உண்டு. அதை வைத்துக்கொண்டு ரியூனியனுக்கோ பாரீஸுக்கோ போக வேண்டுமென்றால் தனி அனுமதி தேவைப்படுகிறது. மயோத்தில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், 2011இல்தான் அது பிரான்ஸின் 101ஆவது மாவட்டமாயிற்று. பக்கத்துக் கொமோரோ தீவுகளிலிருந்து படகில் வருகிறவர்களைக் காரணம் காட்டி அங்கே விதிகளை இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம் சுற்றுலாவாகப் போகும் இந்தியர்களுக்கு ரியூனியனில் விசா தளர்வு உண்டு என்று விளம்பரங்கள் வருகின்றன. அது நிபந்தனைகளோடு கூடிய சுற்றுலா ஏற்பாடு. மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிப் பிரசவம் பார்க்கப் போகிறவர்களுக்கானது அல்ல. "விசாவே வேண்டாம் லாத்தா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

விண்ணப்பம் பிரான்ஸ் அரசின் 'பிரான்ஸ் விசா' இணையதளத்தில் தொடங்குகிறது. செல்லும் இடம் என்ற கேள்வியில் கடல் கடந்த பகுதிகள் தனித்தனியாக இருக்கும். ரியூனியன் மட்டும் போகிறவர் ரியூனியனைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டு இடமும் போகிறவர்கள் இரண்டுக்கும் அனுமதி வேண்டும் என்பதை விண்ணப்பத்திலும் இணைப்புக் கடிதத்திலும் தெளிவாக எழுதி, எந்தத் தேதியில் எங்கே என்ற விவரத்தையும், பாரீஸுக்குத் திரும்பி வருவதாக இருந்தால் பல நுழைவு தேவை என்பதையும் சொல்ல வேண்டும். விசா கைக்கு வந்ததும் மூன்றையும் பாருங்கள்: இடம், நுழைவு எண்ணிக்கை, தங்கும் நாட்கள். தவறு இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்தக் கேட்கலாம். விமான நிலையத்தில் கேட்டுப் பயனில்லை.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு முக்கியமான தாள், அழைக்கிறவர் தன் ஊர் மேரியில் வாங்கும் வரவேற்புச் சான்று. வீட்டின் அளவு, வருமானம், அடையாளம் எல்லாம் காட்டி, 30 யூரோ வரித் தலை கட்டி வாங்க வேண்டும். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. மருமகன் தொலைபேசியில் "அதெல்லாம் எதற்கு மாமி, நான் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சான்றின் மூலப்பிரதி கூரியரில் வந்து சேர நாள் பிடிக்கும் என்பதால், இதிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே குழி இருக்கிறது. குறைந்தது 30,000 யூரோவுக்கு காப்பீடு வேண்டும் என்பது எல்லா ஏஜென்ட்டுக்கும் தெரியும். ஆனால் 'ஷெங்கன் பாலிசி' என்று விற்கப்படுவதில் எந்தெந்த இடம் அடங்கும் என்று படித்துப் பார்ப்பவர் இல்லை. ரியூனியன் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் போகும்போது இது வெறும் சம்பிரதாயத் தாள் அல்ல.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரியூனியன் இருப்பது நம் பக்கத்துக் கடலில். அதற்குப் பாரீஸைச் சுற்றிப் போவது, நாகூருக்குப் போகத் திருச்சி வழியாகப் பஸ் ஏறுவதைப் போல. பாரீஸில் மகன் இல்லாதவர்கள் மொரீஷியஸ் வழியைப் பார்ப்பது நல்லது. மொரீஷியஸில் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. திரும்பும் அல்லது அடுத்த பயண டிக்கெட்டும், தங்கும் இடமும், செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். அங்கிருந்து ரியூனியனுக்கு முக்கால் மணி நேரம்தான். ஆனால் மொரீஷியஸ் தனி நாடு. அங்கே கிடைத்த அனுமதி ரியூனியனுக்கு உதவாது. பாரீஸ் வழியாகப் போகிறவர்கள் விமானம் எந்த நிலையத்திலிருந்து என்று பார்க்க வேண்டும். சார்ல் த கோலில் இறங்கி ஓர்லியில் ஏற வேண்டியிருந்தால், நடுவில் பாரீஸ் நகரத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்கு ஷெங்கன் விசாவே வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால் காரணம் எழுதித் தருவார்கள். 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள விசா பிரிவுக்கு மேல்முறையீடு அனுப்பலாம். பெரும்பாலும் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே விரைவாக முடிகிறது என்பது நம் அனுபவம்.

மற்ற நாடுகளின் தீவுகளுக்கும் இப்படித்தான் ஆளுக்கொரு விதி. பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு கேமன் தீவுகளுக்குத் தானாகப் போய்விட முடியாது. அவை தங்கள் குடிநுழைவு விதிகளைத் தாங்களே வைத்திருக்கின்றன. அமெரிக்க விசாவில் போர்த்தோ ரீகோ போகலாம். அமெரிக்கன் சமோவாவுக்குத் தனி அனுமதி.

கடைசியாகப் பெட்டி. பிள்ளை பெற்ற மகளுக்கு நெய்யும் உப்புக்கண்டமும் கட்டிக்கொண்டு போகும் உம்மாமார்களுக்கு இது வருத்தமான செய்தி: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இறைச்சி, பால் சார்ந்த பொருட்களை வெளிநாட்டிலிருந்து எடுத்துப் போகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் வரும். கறிவேப்பிலை, மாங்காய், விதை எதுவும் வேண்டாம். தீவு என்பதால் செடி நோய்க்கு அவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கையில் வைத்திருங்கள்.

அந்த உம்மாவுக்கு ரியூனியன் என்று பெயர் எழுதிய விசா பின்னர் கிடைத்தது. மொரீஷியஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பேரன் தவழ ஆரம்பித்திருந்தான். இப்போது மகள் குழந்தையோடு ஊருக்கு வரப் பார்க்கிறார். குழந்தைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்பதால் இந்தியா வர அதற்கும் விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும். அந்தத் தாள்களைத்தான் இந்த வாரம் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பயணம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாஸ்போர்ட்டையும் பழைய விசாக்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.