யானை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பாரிஸிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கிவிட்டால், காரைக்கால் வீடுகளில் உல்லாசப் பிரயாணப் பேச்சு களை கட்டிவிடும். முன்பெல்லாம் அந்தப் பேச்சு ஊட்டியோடும் கொடைக்கானலோடும் நின்றது. இப்பொழுது சமுத்திரத்தைத் தாண்டி இலங்கைக்கே போய்விடுகிறது. போகாமல் என்ன செய்யும்? தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு, 2023-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி பிரயாணிக் கப்பல் விடப்பட்டது. நடுவில் நின்றுபோனாலும், 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம்.

அக்கரையில் சுகபோகங்களுக்குக் குறைவில்லை. தென்கிழக்கேயுள்ள யாலா வனத்தின் ஓரத்தில், கூடாரம் என்ற பெயரில் சிறு அரண்மனைகளே இருக்கின்றன. பட்டு மெத்தை உண்டு. வெந்நீர் ஸ்நானம் உண்டு. இரவில் தீவட்டி வெளிச்சத்தில் விருந்தும் உண்டு. விடியற்காலையில் ஜீப்பில் ஏறினால் சிறுத்தை, கரடி, முதலை எல்லாம் தரிசனம் தரும். வடமத்தியப் பகுதியிலுள்ள மின்னேரியாவின் காட்சியோ தனி. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டுவித்த ஏரி அது. கோடையில் நீர் வற்றிப் படுகையில் பசும்புல் தலைகாட்டும்பொழுது, அதை மேய யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன.

அந்தக் காடுகளில் உல்லாசம் தேடுவது புது வழக்கமல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் துரைமார்கள் துப்பாக்கியும் கையுமாக அலைந்தார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டாராம். 1845-ல் மின்னல் தாக்கி மாண்டார். யாலாவில் 1900-ல் சரணாலயம் ஏற்பட்டு, 1938-ல் அது தேசிய வனமாயிற்று. துப்பாக்கி போய்க் காமிரா வந்தது. சந்தோஷமான மாறுதல்தான். ஆனால் வேட்டை மனப்பான்மை போய்விட்டதா? சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி பரவினால், ஜீப்புகள் புழுதி பறக்க வந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. "இன்னும் கிட்டே விடு, இனாம் தருகிறேன்!" என்று ஓட்டுகிறவரைத் தூண்டுகிறவர் யார்? நம்மைப் போன்ற பிரயாணிதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2011-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. அவை சரணாலய எல்லைக்குள் அடங்கி இருப்பவை அல்ல. குடியானவர்களின் வயலும் வீடும் உள்ள நிலத்திலும் உலவுகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டு வருஷங்களிலும் வருஷத்துக்கு நானூறுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் உயிரிழந்த மனிதர்களும் வருஷத்துக்கு நூறு பேருக்கு மேல். யானையைக் காணப் பணம் கொடுப்பவர் ஒருவர். யானையோடு வாழ்ந்து உயிரைக் கொடுப்பவர் வேறொருவர். கதிர் முற்றிய வயலில் பரண் கட்டி இரவெல்லாம் கண் விழிக்கும் அந்த உழவரின் கவலை, அரசலாற்றுப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நமக்குப் புரியாததல்ல.

இதற்கு அவ்வூரார் சிலர் கைக்கொண்டுள்ள உபாயம் ரசிக்கத்தக்கது. பயிர் நிற்கும் மாதங்களில் மட்டும் வயலைச் சுற்றி மின்வேலி போடுகிறார்கள். அறுவடையானதும் வேலியைக் கழற்றிவிடுகிறார்கள். யானைகள் உள்ளே வந்து தாளை மேய்ந்து போகின்றன. அந்த வேலியின் மின்சாரம் யானையைத் திடுக்கிடச் செய்யுமே தவிரக் கொல்லாது. அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டுப் பழகிய டெல்டாவாசிகளுக்கு இதன் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, கப்பல் ஏறும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் விடுதியில் இடம் பேசும்பொழுதே, அங்கே வேலை செய்பவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரா, சமையலுக்கு அரிசியும் காய்கறியும் அவர்களிடம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். நாம் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த உழவர் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான், யானையைப் பொறுத்துக்கொள்ள அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஜீப் ஓட்டுகிறவரிடம், தூரத்திலேயே நிறுத்தினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனாம் கொடுப்பதானால், எட்ட நின்றதற்காகக் கொடுங்கள்.