கல்லும் காப்பும்

தமிழிலே ‘கல்’ என்னுஞ் சொல் பெயராயின் பாறையையும், வினையாயின் பயிலுதலையும் உணர்த்தும். இவ்விரண்டிற்கும் உறவுண்டோவென ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. வீட்டிலுள்ள கல்லைக் கழுவப் புகுவோர் முதற்கண் அக்கல்லைக் கற்றல் வேண்டும் என்பதனை வற்புறுத்தவே இதனை எழுதலானேன்.

கல்லென்னும் பெயர் ஒன்றேயாயினும் அதன் சாதி பல. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல். அதன் வன்மை யாவரும் அறிந்தது. இலங்கையின் பெரும்பகுதி அத்தகைய தொல்பாறைகளாலானது. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. எம் முன்னோர் சுவரெழுப்பியதும் கிணறு கட்டியதும் அக்கல்லினாலேயே. சலவைக்கல்லும் இதன் இனமே. சுண்ணாம்புக்கல் நிலத்தினுள்ளே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல்லாயிற்று. பெயரிலே சலவை உண்மையால் எதனைக்கொண்டும் அதனைச் சலவை செய்யலாமென மயங்கற்க.

சுண்ணாம்புக்கல்லுக்குப் பகை புளிப்பு. தேசிக்காய்ச் சாறு, பழப்புளி, வினாகிரி என்பன அதிலுள்ள கல்சியங் காபனேற்றைக் கரைத்து நுரையெழச் செய்யும். நுரையைக் கண்டோர் அழுக்குக் கழல்கின்றதென மகிழ்வர், கழல்வது கல்லே.

அண்மையிலே பழைய நாற்சார் வீடொன்றைப் புதுக்கியபோது, முற்றத்துப் படிகளிற் படிந்த பாசியைப் போக்குதற்கு வேலையாட்கள் அசிற்றை ஊற்றினர். மூன்று தலைமுறையினரின் பாதம் பட்டு வழுவழுப்புற்ற கல் ஒரு காலைப்பொழுதினுள் சொரசொரப்பாயிற்று. அடுத்த மாரியிலே அச்சொரசொரப்பிற் பாசி முன்னையினும் விரைந்து பற்றியதை நேரிற் கண்டேன். நீரும் தும்புத் தூரிகையும் சிறிது பொறுமையுமே அப்படிகளுக்குப் போதியனவாயிருந்தன.

ஆதலின், கல் இன்னதென அறியாதவிடத்து, மறைவான மூலையொன்றிலே தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டுப் பார்க்க. நுரைத்தாலும் மினுக்கங் குன்றினாலும் அது சுண்ணாம்பினம். அதற்குக் காரமும் புளிப்புமற்ற மென்சவர்க்கார நீரே தகும். தேய்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஜேர்மனிய அறிஞர் மோஸ் 1812 ஆம் ஆண்டில் வகுத்த வன்மை அளவிலே சுண்ணாம்புக்கல்லின் கனிப்பொருள் 3 ஆம் படியிலும், மணலிலுள்ள குவாட்சு 7 ஆம் படியிலும் நிற்கின்றன. ஆகவே மணலைப் பெருக்கியகற்றாது தரையைத் துடைப்பது கல்லை அராவுதற்கு ஒப்பாகும்.

எண்ணெய்க் கறை கல்லின் நுண்டுளைகளுட் புகுந்தபின் மேலே தேய்த்துப் பயனில்லை; அதனை உறிஞ்சி எடுத்தல் வேண்டும். அப்பச்சோடாவை நீரிற் பசையாகக் குழைத்துக் கறையின்மேல் தடிப்பாகப் பூசிப் பொலித்தீன் தாளால் மூடி, ஒருநாட் கழித்துத் தாளை நீக்கி உலரவிட்டு அகற்றுக. தாஜ்மகாலின் சலவைக்கல்லிற் படிந்த மஞ்சணிறத்தைப் போக்க, இந்தியத் தொல்லியற்றுறையினர் 1994 முதலாகப் பன்முறை முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசியதும் இம்முறையே.

இனிக் காப்பு. நூலுக்குக் காப்புச் செய்யுள் முதலில் வரும். கல்லுக்கோ கழுவி நன்குலர்ந்த பின்னரே காப்புப் பூசுதல் தகும். ஈரத்தின்மேற் பூசினால் உள்ளிருக்கும் நீர் சிறைப்படும். காப்பு வேண்டுமோ என்பதனைக் கல்லே சொல்லும்: சில துளி நீர் விட்டுக் கால்மணி நேரம் பொறுத்தால், நீரை உறிஞ்சி நிறங் கறுக்குங் கல்லுக்கே அது வேண்டும். சிலிக்கன் சார்ந்த காப்புத் திரவங்கள் துளைகளுட் புகுந்து நீரை விலக்கும். எனினும் ஆவியை வெளிச்செல்ல விடும். பூசியபின் மேலே எஞ்சியதை உலருமுன் துடைத்துவிடல் வேண்டும். இக்காப்பும் புளிப்பின் தாக்குதலைத் தடுக்கமாட்டாது என்பதனை மறவற்க.

பழைய சுண்ணாம்புக்கற் சுவரைச் சீமெந்தாலும் பிளாஸ்ரிக் பூச்சாலும் அடைப்போர் சிறப்பாக இதனைச் சிந்தித்தல் நன்று. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, அதனோடு வந்த உப்பு உள்ளேயே உறைந்து பூச்சைக் கொப்புளிக்கச் செய்து கல்லையும் பொடியாக்கும். சுண்ணச்சாந்து பூசிய நம் முன்னோர் சுவரை மூச்சுவிட வைத்தனர். அவர்கள் வைத்துப்போன வீடுகளுள் இன்று எஞ்சியிருப்பன சிலவே. அவற்றைப் புதுக்கத் தொடங்குமுன் கல்லின் இயல்பை ஒருகணம் வினவுதல், அவற்றிற்கு நாம் செய்யத்தக்க முதற் காப்பாகும்.