கிளட்ச் தேய்ந்தால் என்ன செய்வது?

நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் நம் டிரஸ்ட்டின் ஆம்னி வண்டி சென்ற மாதம் ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. என்ஜின் அணையவில்லை, உறுமிக்கொண்டுதான் இருந்தது. வண்டிதான் நகரவில்லை. உள்ளே டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் பெரியவர் ஒருவரும் அவர் மகளும் இருந்தார்கள். ஆட்டோ பிடித்து அவர்களை அனுப்பிவிட்டு வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினோம். கருகிய வாடை அடித்தது. கிளட்ச் பிளேட் முடிந்துபோயிருந்தது.

பட்டறையில் விசாரித்தபோது, சாமான் விலையைவிடக் கூலிதான் அதிகம் என்று தெரிந்தது. அதில் ஆச்சரியமில்லை. பிளேட்டை மாற்றுவது அரை மணி நேர வேலை. அதை எட்டுவதற்குக் கியர் பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டும். பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் துணைக்கு வர, ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து நாங்களே இரண்டு நாளில் முடித்தோம். ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டாலும், ஸ்கூல் வேனாகவும் சரக்கு வண்டியாகவும் அதை நம்பிப் பிழைக்கும் சகோதரர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கிளட்ச் சரியில்லை என்றதும் கியர் பாக்ஸை இறக்க ஓடாதீர்கள். வேன் ஓட்டும் சகோதரர் ஒருவரிடம் "கிளட்ச் போச்சு, செட்டோடு மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டம்மாவின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நம் மெக்கானிக் சகோதரர் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடலில் லூஸே இல்லை. கேபிள் இழுத்துப் பிடித்தபடியே இருந்ததால் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவில்லை. கேபிள் முனையில் இருக்கும் நட்டைச் சில சுற்றுத் தளர்த்தினார். அவ்வளவுதான், வளையல் வீட்டிலேயே இருந்தது. அவர் உடனே கவனித்ததால் தப்பித்தார். அப்படியே பல நாள் ஓட்டியிருந்தால் நல்ல பிளேட்டும் கருகியிருக்கும்.

ஆகவே முதலில் பெடலைப் பாருங்கள். ஆம்னி போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் பெடல் கனக்கத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். லூஸ் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். அளவுக்கு மேல் இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் விழும்போது 'கரக்' என்று சத்தம் வரும். இரண்டையும் நட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

லூஸ் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. முன்னும் பின்னும் ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் கருகும். பெடலை மிதிக்கும்போது மட்டும் கிரீச் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான் காரணம்.

மாற்றியே ஆக வேண்டும் என்று உறுதியானால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு, ஆறு மாதத்தில் அதற்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்குவது வீண் உழைப்பு.

வேலையில் ஆபத்தான கட்டம் வண்டியைத் தூக்குவதுதான். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்தக் கல் எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கிவிடும். கெட்டியான சமதரை வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும், ஸ்டாண்டில் நிறுத்தியதும் வண்டியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அடியில் படுக்கலாம், அதுவும் தனியாக அல்ல. வெளியே ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். இவ்வளவுக்கும் வசதி இல்லையென்றால் கூலி கொடுத்துவிடுவதே மேல்.

ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் நீளவாக்கில் இருக்கிறது. அதன் பின்னால் கியர் பாக்ஸ். அங்கிருந்து பின் அச்சுக்கு புரொபெல்லர் ஷாஃப்ட் போகிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது முதல் வேலை. பிறகு கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷாஃப்டை உருவும்போது முகத்தில் கொட்டும். ஷாஃப்ட் பின்னால் சேரும் இடத்தில் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேருங்கள். கிளட்ச் கேபிள், ஸ்பீடோ மீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஒயர், கியர் லீவர் இணைப்புகள், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன.

கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுமுன் என்ஜினின் பின்பகுதிக்கு மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுங்கள். கியர் பாக்ஸைப் பின்னோக்கி நேராக இழுங்கள். அதன் கனம் முழுவதும் உள்ளே நுழைந்திருக்கும் ஷாஃப்டில் தொங்கவே கூடாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

உள்ளே கரும்புழுதி அப்பியிருக்கும். அதை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருந்தது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எங்கள் பிளேட்டில் ரிவெட்டின் தலை மேற்பரப்போடு ஒட்டிப்போயிருந்தது. ரிவெட் குழியின் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்தாலே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக் சகோதரர். ஃப்ளைவீல் ஆழமாகக் கீறியிருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே ஆயில் கசிந்திருந்தால் பின் ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கசிகிற ஆயில் புதுப் பிளேட்டையும் சில நாளில் வழுக்க வைக்கும். புது ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும்.

நாங்கள் தவறு செய்தது மாட்டும்போதுதான். புதுப் பிளேட்டை ஃப்ளைவீலின் சரிமையத்தில் வைக்காமல் பிரஷர் பிளேட்டை முறுக்கிவிட்டோம். கியர் பாக்ஸ் உள்ளே போகவே இல்லை. மூன்று மணி நேரம் படுத்தும் புரண்டும் பார்த்தோம். போல்ட்டைப் போட்டு முறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்றார் எங்களில் ஒருவர். "தம்பி, இழுக்காது, ஒடிக்கும்" என்று தடுத்தார் மெக்கானிக் சகோதரர். அதற்குள் அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்றி, பிளேட்டின் துளைக்குச் சரியாக இருக்கும்படி ஒரு மரக்குச்சியில் டேப் சுற்றி, அதை ஃப்ளைவீல் நடுவிலுள்ள சிறு பேரிங் வரை செருகி மையம் பிடித்தோம். பிரஷர் பிளேட்டை எதிரெதிராக முறுக்கி முடித்ததும் குச்சியை உருவினோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் கியர் பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் கருவி விலை அதிகமில்லை, முன்பே வாங்கியிருக்கலாம். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பதையும் மாட்டுமுன் கவனியுங்கள். கிரீஸ் கையோடு அதைத் தொடாதீர்கள்.

புதிய கியர் ஆயில் ஊற்ற மறந்துவிட்டு வண்டியை எடுத்தவர்களும் உண்டு. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். பிறகு பெடலின் லூஸை ஒருமுறை சரிபாருங்கள்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இந்த வேலை வேறு மாதிரி. இரு பக்க அச்சுகளையும் உருவி, என்ஜினைத் தொங்கவிட்டுச் செய்ய வேண்டியிருக்கும். அதை முதல் முயற்சியாக வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நம் வண்டிக்கு ஏன் இப்படி ஆனது என்றும் யோசித்தோம். பலர் மாறி மாறி ஓட்டுகிறோம். ஓடும்போது பெடல்மேல் காலை வைத்தே இருப்பது, ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது இரண்டும் எங்களில் பலருக்கு இருக்கும் பழக்கம். பிளேட்டைத் தின்றது அதுதான்.

இந்த வேலைக்காக வாங்கிய நான்கு இரும்பு ஸ்டாண்டுகளும் மையம் பிடிக்கும் மரக்குச்சியும் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கின்றன. தேவைப்படும் சகோதரர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். வாடகை இல்லை. வேலை முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.