'சிலுவெட்': ஒரு நிதியமைச்சரின் பெயர் கறுப்பு உருவமான கதை

மாலைச் சூரியனுக்கு எதிரே மணமக்களை நிறுத்திப் படம் எடுத்தால் முகம் தெரியாது, கறுப்பு உருவம் மட்டுமே தெரியும். அதை ஆங்கிலத்தில் 'சிலுவெட்' என்கிறோம். மலாயிலும் ஏறக்குறைய அதே சொல்தான். இது உண்மையில் ஒரு பிரெஞ்சுக்காரரின் குடும்பப் பெயர்.

எத்தியென் தெ சிலுவெட் 1709ஆம் ஆண்டு பிரான்சின் லிமோஜ் நகரில் பிறந்தார். நன்கு படித்தவர், ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். 1759 மார்ச் மாதம் மன்னர் பதினைந்தாம் லூயி அவரிடம் நாட்டின் நிதிப் பொறுப்பை ஒப்படைத்தார். அப்போது பிரான்ஸ் ஏழாண்டுப் போரில் சிக்கியிருந்தது. கஜானா காலி. பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் பல வரிகளிலிருந்து விலக்கு. சுமை முழுவதும் ஏழைகளின் தலையில்.

சிலுவெட் அந்த வழக்கத்தில் கை வைத்தார். வேலையாட்கள், குதிரை வண்டிகள், ஆடம்பரப் பொருள்கள் வைத்திருப்போர்மீது வரி போட முனைந்தார். அரண்மனை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகைகளை வெட்டினார். விளைவு? நவம்பரில் பதவி போய்விட்டது. எட்டே மாதம்தான்!

பதவி போனதோடு விட்டார்களா? 'சிலுவெட் பாணி' என்றால் மலிவானது, அரைகுறையானது என்று பாரிஸ் நகரமே கேலி பேசியது. பையே இல்லாத கால்சட்டைக்குக்கூட அவர் பெயரைச் சூட்டினார்கள் என்பார்கள். வரி கட்டிய பிறகு பை எதற்கு என்பதுதான் கிண்டல்.

அந்தக் காலத்தில் புகைப்படம் கிடையாது. ஓவியரிடம் உருவப்படம் வரையப் பெரும் பணம் வேண்டும். இல்லாதவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் விழும் முகத்தின் பக்கவாட்டு நிழலை வரைந்து, கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். இந்த மலிவுப் படத்துக்கும் அவர் பெயரே நிலைத்தது. அவரே இப்படிப் படங்கள் செய்து தம் மாளிகைச் சுவரை அலங்கரித்தார் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. கேலியில் பிறந்த பெயர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பணக்காரர்கள்மீது வரி போட்டவரைப் பணக்காரர்கள் எளிதில் மறப்பார்களா?

இங்கிலாந்தில் இத்தகைய படங்களை முதலில் 'நிழல்' என்றும் 'பக்கத் தோற்றம்' என்றும்தான் சொன்னார்கள். பிரான்சிலிருந்து அங்கே குடியேறிய ஒகுஸ்த் எதுவார் என்ற கலைஞர், 1820களில் கத்தரிக்கோலும் கறுப்புத் தாளுமாக ஆளைப் பார்த்த மாத்திரத்தில் உருவத்தை வெட்டித் தருவார். மற்றவர்களுடைய மட்டமான நிழல் படங்களோடு தம் வேலையைச் சேர்க்கக் கூடாது என்பதற்காகவே 'சிலுவெட்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிரான்சில் மலிவு என்று பொருள்பட்ட பெயர், கடல் தாண்டியதும் உயர்ந்த சரக்கின் பெயராகிவிட்டது பாருங்கள்!

சரி, பெயருக்கு என்ன பொருள்? குடும்பத்தின் பூர்வீகம் பிரான்சின் தென்மேற்கே, பாஸ்க் மொழி பேசும் பகுதி. அம்மொழியில் 'சுலோ' என்றால் குழி, குகை. 'எட்டா' என்ற விகுதி அவை நிறைந்த இடத்தைக் குறிக்கும். ஆக, 'குழிகள் நிறைந்த இடம்' என்ற ஊர்ப்பெயர்தான் பிரெஞ்சு எழுத்தில் உருமாறியது. நிழலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாணவர்கள் கவனிக்க: ஆங்கிலத்தில் இது இன்று பொதுச்சொல், சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். வினைச்சொல்லாகவும் வரும். உடையின் புற வடிவத்தையும் தையற்கலைஞர்கள் இப்படியே சொல்கிறார்கள். ஆனால் தரையில் விழும் நிழலுக்கு இச்சொல் பொருந்தாது. வெளிச்சத்தின் முன்னே கறுப்பாகத் தெரியும் உருவமே சிலுவெட். நடுவில் உள்ள 'எச்' எழுத்துக்கு ஒலி இல்லை. 'சில்ஹவுட்' என்று நம் புகைப்படக்காரர்கள் சிலர் சொல்வது அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.