இருவீச்சுப் பொறியின் பந்தயச் சீரமைப்பு

இருவீச்சுப் பொறியின் பந்தயச் சீரமைப்பு என்பது சிறிய விசையுந்துப் பொறியொன்றை, அது ஆலையில் வடிவமைக்கப்பட்டதைவிடக் கூடுதலான சுழல்வேகத்தில் ஆற்றல் தருமாறு மாற்றியமைக்கும் தொழில்நுட்பம் ஆகும். பழைய பந்தய வண்டிகளின் சாயலில் வண்டி உருவாக்கும் தமிழக ஆர்வலர்களிடையே இதற்குப் பெயர்பெற்றது யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகும்.

பின்னணி

சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால வானூர்தி ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985இல் அறிமுகமாகி 1996 வரை தயாரிக்கப்பட்டது. அதன் பொறி 98 கன செ.மீ. கொள்ளளவு உடையது, விட்டமும் வீச்சும் 50 மி.மீ.; நிமிடத்திற்கு 7,500 சுழற்சிகளில் 11 குதிரைத்திறன் தரும்.

செயற்பாடு

ஆற்றல் என்பது முறுக்குவிசை, சுழல்வேகம் ஆகியவற்றின் பெருக்கம். எனவே முறுக்குவிசை குறையாமல் சுழல்வேகத்தைக் கூட்டினால் ஆற்றல் கூடும். தடையாக இருப்பது நேரம். 7,500 சுழற்சிகளில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடி கிடைக்கிறது. 10,000 சுழற்சிகளில் 6 மட்டுமே. அதற்குள் எரிந்த வளிமம் வெளியேறிப் புதிய கலவை நிரம்ப வேண்டும். ஆகவே கழிவுத்துளையின் மேல்விளிம்பை அராவி உயர்த்துவர். அளவுக்கு மீறி அராவிவிட்டால் குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். அராவிய உலோகத்தை எளிதில் திரும்ப வைக்கவும் இயலாது.

கழிவுக்குழாயின் பங்கு இதைவிடப் பெரியது. 1950களில் கிழக்கு செருமனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன் இதில் பெரும் முன்னேற்றம் கண்டார். அவருடைய ஓட்டுநர் எர்ன்சுட் டெக்னர் 1961இல் நாட்டைவிட்டு வெளியேறி சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். குழாயின் விரியும் கூம்பு உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பி உருளையைக் காலியாக்க உதவுகிறது. குறுகும் கூம்பு அனுப்பும் அழுத்த அலை, குழாய்க்குள் தப்பிய புதுக் கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது.

இவ்வலை துளை மூடுவதற்குள் திரும்பவேண்டும். துளை 190 பாகை திறந்திருப்பதாகவும் அலைவேகம் வினாடிக்கு 520 மீட்டர் என்றும் கொண்டால், 10,000 சுழற்சிகளுக்கு எதிரொலிக்கும் கூம்பு ஏறத்தாழ 82 செ.மீ. தொலைவில் அமையவேண்டும், 7,500 சுழற்சிகளுக்கு 110 செ.மீ. ஒரே குழாய் இரண்டுக்கும் பொருந்தாது. பந்தயப் பொறிகள் குறுகிய வேக எல்லைக்குள் மட்டும் சீறுவதற்கு இதுவே காரணம். ஒலியடக்கியின் உட்குழாயை உருவிவிடுவது சீரமைப்பு ஆகாது. அதனால் உறுதியாகக் கூடுவது சத்தம் ஒன்றே.

இடர்கள்

காற்று கூடுதலாகப் புகும்போது கார்புரேட்டரின் முதன்மை ஜெட்டையும் பெரிதாக்கவேண்டும். எரிபொருள் குறைந்த கலவை பிஸ்டனைச் சூடாக்கி உருகச் செய்யும், அல்லது பிஸ்டன் விரிந்து உருளையில் பிடித்துக்கொள்ளும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிசன் இருப்பதால் பழைய ஜெட் அளவு இவ்விடரை மேலும் கூட்டுகிறது. ஓடும்போது பொறி பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். இதனால் பந்தய ஓட்டுநர்கள் இடக்கை விரல் ஒன்றைக் கிளட்சு நெம்புகோலின் மீதே வைத்திருப்பதுண்டு.